பீட்டர் பார்க்கர் இழந்தவர்கள்: ஸ்பைடர்மேன் காமிக்ஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வாசிப்பு வழிகாட்டி

ஸ்பைடர்மேன் காமிக்ஸ் படித்துப் பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் முதல் நாளே மலைத்துப்போவது வழக்கம். 1962இல் தொடங்கிய கதை இன்னும் முடியவில்லை. 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' என்ற மூலத் தொடரிலேயே பல நூறு இதழ்கள். போதாததற்குக் கிளைத் தொடர்கள், மாற்று உலகக் கதைகள், சிறப்பிதழ்கள். எங்கே தொடங்குவது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். பெரும்பாலும் அவை வில்லன்களை வைத்துப் போட்ட பட்டியல்கள்: கிரீன் காப்ளின் வரும் கதைகள், டாக்டர் ஆக்டோபஸ் வரும் கதைகள், வெனம் வரும் கதைகள்.

இங்கே நான் தரும் வரிசை, பீட்டர் பார்க்கர் என்ற பையன் யாரை இழந்தான், இழந்த பிறகு என்ன செய்தான் என்பதை வைத்துப் போட்டது. மொத்தம் 12 இதழ்கள். சண்டைகள் இவற்றிலும் உண்டு, நல்ல சண்டைகளே. ஆனால் இந்தத் தொடரின் உயிர், சண்டை முடிந்த பிறகு வரும் ஓரிரு பக்கங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டாமல் படித்தால், ஒரு பள்ளிப் பையன் துக்கத்தோடு வாழப் பழகுவதை 1962 முதல் 1973 வரை கூடவே இருந்து பார்க்கலாம்.

தொடங்குவதற்கு முன் சில ஏற்பாடுகள்

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு 'ஸ்பைடர்' என்றால் கறுப்பு உடையும் கூரான காதுகளுமாக வரும் குற்றச் சக்கரவர்த்திதான் நினைவுக்கு வருவார். அவர் 1965இல் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் பிறந்தவர். நம் பீட்டருக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லை.

இதழ்களைத் தனித்தனியாகத் தேடி வாங்க வேண்டாம், பழைய பிரதிகள் சேகரிப்பாளர்களின் விலைக்குப் போய்விட்டன. மார்வெல் வெளியிடும் 'எபிக் கலெக்ஷன்' என்ற வண்ணத் தொகுதிகளில் 1, 2, 3, 6, 7 ஆகிய ஐந்தில் நமக்கு வேண்டிய 12 இதழ்களும் அடங்கிவிடும். எல்லாத் தொகுதியும் எல்லா நேரமும் அச்சில் இருக்காது, கிடைக்கும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்க இயலாதவர்கள் 'மார்வெல் அன்லிமிடெட்' செயலியில் சந்தா கட்டிப் படிக்கலாம்.

செயலியில் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதி அதில் உண்டு. கைப்பேசியில் அது சௌகரியம்தான், ஆனாலும் அதை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் எந்தக் கட்டம் பெரிது, எது சிறிது, எந்த இடத்தில் முழுப் பக்கத்தையும் ஒரே படம் விழுங்குகிறது என்பதிலேயே பாதிக் கதை இருக்கிறது. முடிந்தால் டேப்லெட்டிலோ கணினித் திரையிலோ படியுங்கள்.

தேதிக் குழப்பமும் ஒன்று வரும். அந்தக் காலத்து அமெரிக்க காமிக்ஸ் அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே கடைக்கு வந்துவிடும். இங்கே நான் தரும் மாதங்கள் அட்டையில் உள்ளவை.

அடுத்தது வாசிப்பு முறை. இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்வேன். ஒவ்வொரு இதழையும் முதலில் ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே கடைசி வரை போங்கள். பிறகு திரும்பி வந்து வசனத்தோடு படியுங்கள். இதற்குக் காரணம் உண்டு. அன்றைய மார்வெலில் கதாசிரியரும் ஓவியரும் கதைச் சுருக்கத்தைப் பேசிக்கொள்வார்கள், ஓவியர் பக்கங்களை வரைந்து முடித்துவிடுவார், அதற்கு அப்புறம்தான் பலூன்களில் வசனம் ஏறும். ஸ்பைடர்மேனை வரைந்த ஸ்டீவ் டிட்கோ ஒரு கட்டத்தில் கதையமைப்பையே தன் கையில் எடுத்துக்கொண்டார். அதனால் பீட்டரின் மனநிலை முதலில் அவன் தோளிலும் விரல்களிலும் குனிந்த தலையிலும் வரையப்பட்டது. கதாசிரியர் ஸ்டான் லீயின் ஆரவாரமான ஆங்கிலம் அதன் மேல் பிறகு வந்து உட்கார்ந்தது. அந்த ஆரவாரம் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குத் தலைவலி தரும். படத்தை முதலில் பார்த்துவிட்டால் இரண்டு தரப்புக்கும் கதை தப்பாது.

முதல் படி: 11 பக்கத்தில் ஒரு சாவு

'அமேஸிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழ், ஆகஸ்ட் 1962. அந்தப் பத்திரிகையே இந்த இதழோடு நின்றுபோனது. அதில் வந்த 11 பக்கக் கதைதான் ஸ்பைடர்மேனின் பிறப்பு.

சினிமாவில் பார்த்துவிட்டோமே என்று இதைத் தாண்டிப் போக வேண்டாம். படங்கள் பல நிமிடம் எடுத்துக்கொள்ளும் விஷயம் இங்கே ஓரிரு கட்டங்களில் முடிந்துவிடுகிறது. பெரியப்பா பென் பார்க்கர் மொத்தக் கதையிலும் சில கட்டங்களில்தான் வருகிறார். காலையில் பையனை எழுப்புகிறார், அவனைப் பார்த்துப் பெருமைப்படுகிறார், அவ்வளவுதான். அவர் சுடப்படுவது படத்தில் இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் போலீஸ்காரர் சொல்லித்தான் பீட்டருக்கும் நமக்கும் தெரியவருகிறது. இறுதிச் சடங்கும் இல்லை, அழுது தீர்க்க ஒரு பக்கமும் இல்லை.

இதில் கண்ணை நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, தொலைக்காட்சி நிலையத்தில் போலீஸ்காரர் துரத்திவரும் திருடனைப் பீட்டர் தடுக்காமல் விடுவது. பள்ளியில் கேலிக்கு ஆளான பையன், புதிதாகக் கிடைத்த பேரும் பணமும் தலைக்கேறி, இனி என் வேலையை மட்டும் பார்ப்பேன் என்கிறான். அந்த வயதுக்கு அது புரியாத மனநிலை இல்லை, அதனால்தான் பின்னால் வரும் அடி அவ்வளவு பலமாக விழுகிறது. இரண்டாவது, கொலைகாரனைப் பிடித்து அவன் முகத்தைப் பார்க்கும் கணம். முகமூடியின் வெள்ளைக் கண்களுக்குள்ளே பீட்டரின் கண்கள் விரிந்து தெரியும்படி டிட்கோ வரைந்திருக்கிறார்.

பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் வந்தாக வேண்டும் என்ற புகழ்பெற்ற வரியைப் பென் சொன்னதாகவே பலரும் நினைத்திருப்பார்கள். இந்த இதழில் அவர் அதைச் சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தில், இரவில் தனியாக நடந்துபோகும் பையனுக்கு மேலே கதைசொல்லியின் பெட்டியில் அது இருக்கிறது. பெரியப்பா வாயால் வந்திருந்தால் அது அறிவுரை. அவர் போன பிறகு வருவதால், பையன் தானாகவே வந்து சேர வேண்டிய இடமாகிறது.

இரண்டாம் படி: வாடகைக்கு என்ன வழி

'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' 1ஆம் இதழ், மார்ச் 1963. துக்கக் கதைகளில் நான் பார்த்த மிக நேர்மையான தொடக்கங்களில் இது ஒன்று. சம்பாதித்தவர் போய்விட்டார், வாடகை கட்ட வேண்டும். பெரியம்மா மே தன் நகையை அடகுக் கடையில் வைப்பதைப் பீட்டர் பார்க்கிறான். ஸ்பைடர்மேனாக மேடை ஏறிச் சம்பாதித்த காசோலை அவன் கையில் இருக்கிறது. வங்கியில் அது 'ஸ்பைடர்மேன்' பெயரில் இருப்பதால், அடையாளத்தை நிரூபிக்காமல் மாற்ற முடியாது என்கிறார்கள். சுவரில் ஏறத் தெரிந்தவனுக்கு வங்கிக் கவுன்ட்டரைத் தாண்ட முடியவில்லை. இந்தச் சில கட்டங்களுக்காகவே இந்த இதழைப் பட்டியலில் சேர்த்தேன், மற்றவற்றை வேகமாகப் படித்தாலும் பாதகமில்லை.

மூன்றாம் படி: அங்கே இருந்தும் காப்பாற்ற முடியாதபோது

11ஆம் இதழ், ஏப்ரல் 1964. பீட்டர் விரும்பும் பெட்டி பிராண்ட், 'டெய்லி பியூகிள்' பத்திரிகை ஆசிரியர் ஜேம்சனின் செயலாளர். அவளுடைய அண்ணன் ஒரு தாதாவுக்குக் கடன்பட்டுச் சிக்கியவன், சண்டையின் நடுவே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியாகிறான். ஸ்பைடர்மேன் அங்கேயே இருக்கிறான், அவனால் தடுக்க முடியவில்லை. துயரத்தில் பெட்டி அவன் மீதே பழியைப் போடுகிறாள். பிறகு நிதானத்துக்கு வந்து தவறு அவனுடையது இல்லை என்று உணர்கிறாள், ஆனாலும் அவனைப் பார்த்தாலே அந்த நாள் நினைவுக்கு வரும் நிலை. அந்த முகமூடிக்குள் இருப்பது நான்தான் என்று பீட்டர் இனி அவளிடம் எப்படிச் சொல்வான்?

பென் செத்தது தன் அலட்சியத்தால் என்று பீட்டர் நம்புகிறான். அலட்சியம்தான் காரணம் என்றால், இனி அலட்சியமாக இல்லாதிருந்தால் போதும், யாரும் சாகமாட்டார்கள் என்ற கணக்கும் அவன் மனதில் சேர்ந்தே உருவாகியிருக்கும். 11ஆம் இதழ் அந்தக் கணக்கைப் பொய்யாக்குகிறது. அதிகம் பேசப்படாத இதழ், புதியவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய இதழ்.

அடுத்து 18ஆம் இதழ், நவம்பர் 1964. முந்தைய இதழில் மே பெரியம்மாவுக்கு மாரடைப்பு என்று கேள்விப்பட்டுச் சண்டையை நடுவில் விட்டு ஓடியதால், ஊரே ஸ்பைடர்மேனைக் கோழை என்கிறது. இவனுக்கோ அதைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. மருந்துச் செலவுக்குத் தன் வலைப் பசையை ஒரு பசை நிறுவனத்திடம் விற்கப் பார்க்கிறான். ஒரு மணி நேரத்தில் கரைந்துபோகும் பசை எங்களுக்கு எதற்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். பெரிய சண்டையே இல்லாத சூப்பர்ஹீரோ இதழ், 1964இல்! முடிவில், உடல் தேறிய மே தன்னைப் பலவீனமானவளாக நினைத்துவிடாதே என்று பையனிடம் பேசும் பேச்சுதான் அவனை மறுபடி எழுப்புகிறது. தன்னால்தான் அவள் வாழ்கிறாள் என்று எண்ணியிருந்த பையன், அவளைப் பார்த்துத்தான் தானும் நிற்கிறோம் என்று கண்டுகொள்ளும் இடம்.

28ஆம் இதழில் அவன் பள்ளிப் படிப்பை முடிக்கிறான். வேண்டுமானால் படியுங்கள்.

நான்காம் படி: இரும்புக்கு அடியில்

31, 32, 33 ஆகிய மூன்றையும் ஒரே மாலையில், ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். டிசம்பர் 1965இலிருந்து பிப்ரவரி 1966 வரை வந்தவை.

பீட்டர் எம்பயர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதல் நாள் காலடி வைக்கிறான். மே பெரியம்மா மறுபடி மருத்துவமனையில். அந்தக் கவலையில் யார் வணக்கம் சொன்னாலும் அவன் காதில் விழவில்லை. புதிதாக அறிமுகமாகும் க்வென் ஸ்டேசியும் ஹாரி ஆஸ்போர்னும், இவன் பெரிய தலைக்கனம் பிடித்தவன் என்று முடிவுகட்டுகிறார்கள். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு கல்லூரிக்கோ வேலைக்கோ போனவர்களுக்கு இந்தப் பக்கங்கள் சட்டென்று பிடிபடும்.

மேயின் நோய்க்குக் காரணம் தெரியவரும்போது கதை இறுகுகிறது. 10ஆம் இதழில் பீட்டர் அவளுக்கு ரத்தம் கொடுத்திருந்தான். அவன் ரத்தத்தில் இருந்த கதிரியக்கம்தான் இப்போது அவளைக் கொல்கிறது. பென் விஷயத்தில் செய்யாமல் விட்டது குற்றம் என்றால், இங்கே அன்பால் செய்ததே விஷமாகிவிட்டது.

32ஆம் இதழின் இறுதியில் மலைபோன்ற இயந்திரத்துக்கு அடியில் பீட்டர் சிக்கிக்கிடக்கிறான். அவளைக் காப்பாற்றக்கூடிய மருந்துக் குப்பி கைக்கெட்டாத தூரத்தில் கண்ணெதிரே இருக்கிறது. மேலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிவிட்டது. 33ஆம் இதழின் முதல் ஐந்து பக்கங்களை முன்பு சொன்ன முறையில் கண்டிப்பாகப் படங்களாக மட்டும் பாருங்கள். முயல்கிறான், முடியவில்லை. தளர்கிறான். பென், மே இருவரின் முகங்களும் அவன் நினைவில் எழுகின்றன. ஒருமுறை தவறவிட்டேன், இரண்டாம் முறை விடமாட்டேன் என்பதுதான் அவன் சொல்வதன் சாரம். உடல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர, கட்டங்களும் அதற்கேற்ப வளர்கின்றன. ஐந்தாம் பக்கத்தில் எல்லைக் கோடுகள் எல்லாம் போய், முழுப் பக்கத்தையும் ஒரே படம் பிடித்துக்கொள்கிறது. அவன் இயந்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டான்.

இந்த இடத்தை வீரத்தின் உச்சம் என்று எல்லோரும் கொண்டாடுவார்கள், கொண்டாட வேண்டியதுதான். நான் சொல்ல விரும்புவது, இதழ் அங்கே முடியவில்லை என்பதை. இன்னும் முக்கால்வாசி பாக்கி இருக்கிறது. எழுந்தவன் அடிவாங்கிய உடலோடு அடியாட்களைத் தாண்டி, விஞ்ஞானி டாக்டர் கானர்ஸிடம் மருந்தைச் சேர்த்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோய், பிறகு போட்டோவை விற்று ஜேம்சனிடம் காசு வாங்கி, காயம்பட்ட முகத்தைப் பார்த்துப் பதறும் பெட்டியை எதிர்கொண்டு, பெரியம்மா பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பின்தான் ஓய்கிறான். அந்தப் பக்கங்களில் அவன் தோள்கள் எப்படித் தொங்குகின்றன என்று பாருங்கள். டிட்கோ வரைந்த பீட்டர் இந்த மூன்று இதழ்களில் பையன் என்ற நிலையைத் தாண்டிவிட்டான். 38ஆம் இதழோடு டிட்கோ தொடரை விட்டு விலகினார்.

ஐந்தாம் படி: கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் மழை

39ஆம் இதழிலிருந்து ஜான் ரோமிட்டா வரைகிறார். முகங்கள் அழகாகின்றன, நண்பர்கள் கூடுகிறார்கள், பீட்டர் சிரிக்கக்கூடச் செய்கிறான். நம் பட்டியலில் உள்ள 42ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் மேரி ஜேன் வாட்சன் முதன்முறையாக முகம் காட்டுகிறாள். விளையாட்டுப் பெண், எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதவள் என்ற அந்த முதல் எண்ணத்தை மறக்காமல் வைத்திருங்கள், 122ஆம் இதழில் அது தேவைப்படும்.

50ஆம் இதழ், ஜூலை 1967. எல்லாம் போதும் என்று பீட்டர் உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு முதுகைக் காட்டி நடந்துபோகும் முழுப் பக்கப் படம் உலகப் புகழ் பெற்றது. திரும்பி வர அவனுக்குக் கிடைக்கும் காரணம் அதைவிட எளிமையானது: தாக்கப்படும் ஒரு வயதான காவலாளி. அவரைப் பார்த்ததும் பென்னின் நினைவு வருகிறது. ஐந்து ஆண்டுக்கு முன் இறந்தவர் இன்னும் கதையில் வேலை செய்துகொண்டிருக்கிறார்.

ஆறாம் படி: தெரிந்தே இருந்தவர்

90ஆம் இதழ், நவம்பர் 1970. க்வென்னின் அப்பா, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஜார்ஜ் ஸ்டேசி. டாக்டர் ஆக்டோபஸோடு மாடியில் நடக்கும் சண்டையில் இடிபாடுகள் தெருவில் விழ, ஒரு சிறுவனைத் தள்ளிக் காப்பாற்றிவிட்டு அவர் அடியில் மாட்டிக்கொள்கிறார். ஸ்பைடர்மேன் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். சாகும் தறுவாயில் அவர் அவனைப் பீட்டர் என்று அழைக்கிறார். ரகசியம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. மகளைப் பார்த்துக்கொள் என்று ஒப்படைத்துவிட்டுப் போகிறார்.

பென்னுக்குப் பிறகு பீட்டருக்குக் கிடைத்த தகப்பன் இவர். அவர் இருந்தவரை பீட்டர் மனம்விட்டுப் பேசியிருக்கலாம், பேசவில்லை. இப்போது பேச ஆள் இல்லை. க்வென்னோ அப்பாவைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று நம்புகிறாள். அவள் அழும்போது ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும் கையும், அவள் வெறுக்கும் கையும் ஒன்றே. இந்த இதழை வரைந்தவர் கில் கேன். விழும் உடல்களையும் கீழிருந்து பார்க்கும் கோணங்களையும் வரைவதில் அவர் கெட்டிக்காரர், 121இலும் அவர்தான்.

ஏழாம் படி: பாலம், அதன் பிறகு கதவு

121, 122ஆம் இதழ்கள், ஜூன், ஜூலை 1973. ஓவியம் கில் கேனும் ரோமிட்டாவும். எழுதியவர் ஜெர்ரி கான்வே, அப்போது அவருக்கு வயது 20. தன் நாயகனை ஒத்த வயதில் இருந்தவர் எழுதியது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முன்கதை சுருக்கமாக: ஹாரியின் அப்பா நார்மன் ஆஸ்போர்ன்தான் கிரீன் காப்ளின். பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்று அவருக்குத் தெரியும், ஆனால் நினைவு தப்பிப்போயிருந்தது. ஹாரி போதைப் பழக்கத்தில் விழுந்தவன். அந்தக் கதை 96 முதல் 98 வரையான இதழ்களில் இருக்கிறது. 1971இல், அமெரிக்க காமிக்ஸைத் தணிக்கை செய்துவந்த காமிக்ஸ் கோட் அத்தாரிட்டியின் ஒப்புதல் முத்திரை இல்லாமலே வெளியான இதழ்கள் அவை. நேரமிருந்தால் படித்துவிட்டு வாருங்கள். 121இல் ஹாரி மறுபடி போதையில் விழுந்து படுத்திருக்கிறான், நார்மனுக்கு நினைவு திரும்பிவிடுகிறது, க்வென்னைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குப் போகிறார்.

கடைசிப் பக்கத்தை முதலிலேயே புரட்டிப் பார்த்துவிடாதீர்கள். கதையின் தலைப்பை வேண்டுமென்றே முதல் பக்கத்தில் அச்சிடாமல் இறுதியில் வைத்திருக்கிறார்கள். அட்டையில்கூட யாரோ ஒருவர் சாகப்போகிறார் என்ற அளவில்தான் இருந்தது.

க்வென் பாலத்திலிருந்து தள்ளப்படுகிறாள். ஸ்பைடர்மேனின் வலை அவள் காலைப் பிடித்துவிடுகிறது. அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே, 'ஸ்னாப்' என்று சின்ன எழுத்தில் ஓர் ஒலிச்சொல் இருக்கும். முதல் வாசிப்பில் பலர் அதைக் கவனிக்காமல் போய்விடுவார்கள். பீட்டரும் கவனிக்கவில்லை. பிடித்துவிட்ட மகிழ்ச்சியில் தன் திறமையை மெச்சிப் பேசிக்கொண்டே அவளை மேலே இழுக்கிறான். இழுத்த பிறகுதான் தெரிகிறது. விழும்போதே அவள் செத்துவிட்டாள் என்று காப்ளின் எகத்தாளமாகச் சொல்கிறான். திடீரென்று நின்ற அதிர்ச்சியில்தான் கழுத்து முறிந்தது என்று 125ஆம் இதழின் கடிதப் பக்கத்தில் ஆசிரியர் குழு விளக்கம் தந்தது. அப்படியென்றால் காப்பாற்ற நீண்ட வலைதான் காரணம். 32இல் ரத்தம், இங்கே வலை.

இப்போது 122. இதைத்தான் மெதுவாகப் படிக்க வேண்டும்.

பழிவாங்கும் வெறியோடு காப்ளினைத் தேடி வரும் பீட்டர், வழியில் ஹாரியின் அறைக்கு வருகிறான். போதையின் கொடுமையில் நடுங்கிக்கொண்டிருக்கும் நண்பன் போகாதே, கூட இரு என்று கெஞ்சுகிறான். பீட்டர் நிற்கவில்லை, போய்விடுகிறான். அடுத்து வரும் சண்டையில் காப்ளினைச் சாகும் அளவுக்கு அடித்து, கடைசி நொடியில் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறான். காப்ளின் தன்னுடைய பறக்கும் ஊர்தியாலேயே குத்துப்பட்டுச் சாகிறான். எதிரி செத்தும் பீட்டருக்கு ஒரு நிம்மதியும் வரவில்லை.

வீட்டுக்கு வருகிறான். அங்கே மேரி ஜேன் இருக்கிறாள். பீட்டர் அவளிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிடுகிறான்: உன் சொந்த அம்மா செத்தால்கூட உனக்கு வருத்தம் வராது, போ இங்கிருந்து. அவள் அழுதுகொண்டே கதவு வரை போகிறாள், கதவு திறந்திருக்கிறது. வாசலில் தயங்கி நிற்கிறாள். பிறகு கதவைச் சாத்துகிறாள், உள்ளே இருந்தபடி. பூட்டு விழும் சின்ன ஒலி மட்டும்.

ஹாரி கெஞ்சியும் பீட்டர் இருக்கவில்லை. பீட்டர் விரட்டியும் மேரி ஜேன் போகவில்லை. ஒரே இதழில் இரண்டு கதவுகள். துக்கத்தில் இருப்பவனுக்குப் பதில் சொல்லாமல், அவன் பேச்சைப் பொருட்படுத்தாமல், கூட உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எனக்குத் தெரிந்து எந்த சூப்பர்ஹீரோ கதையும் இவ்வளவு குறைந்த கட்டங்களில் சொன்னதில்லை. க்வென்னின் மரணத்தைப் பற்றிப் பேசும் பலரும் பாலத்தோடு நிறுத்திவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு. 121ஐ மட்டும் படித்தவர் பாதிக் கதைதான் படித்திருக்கிறார்.

இப்போதைக்குத் தள்ளிவைக்க வேண்டியவை

இந்த இழப்புகளையெல்லாம் பின்னாளில் வந்த சில கதைகள் திரும்பத் தோண்டின. 1990களின் நடுவில் வந்த நீண்ட குளோன் கதை, க்வென்னின் கடந்த காலத்தை மாற்றி எழுதிய 2004ஆம் ஆண்டுக் கதை, பீட்டர்–மேரி ஜேன் திருமணத்தையே அழித்த 2007ஆம் ஆண்டுக் கதை ஆகியவற்றைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். குறிப்பாக இரண்டாவது, க்வென்னுக்கு இழைத்த அநீதி என்றே நினைக்கிறேன்.

அடுத்து எங்கே போகலாம்

12 இதழ்களும் முடிந்த பிறகு, 1984 ஜனவரியில் வந்த 248ஆம் இதழில் ரோஜர் ஸ்டெர்ன் எழுதிய சிறுகதை ஒன்றைப் படியுங்கள். ஸ்பைடர்மேன் பற்றிய செய்தித் துணுக்குகளைச் சேகரிக்கும் ஒரு சிறுவனின் அறைக்கு ஓர் இரவு அவன் வந்து உட்கார்ந்து பேசுகிறான். இதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். ஜெஃப் லோபும் டிம் சேலும் 2002இல் தொடங்கிய 'ஸ்பைடர்மேன்: ப்ளூ' ஆறு இதழ்க் கதை: பல ஆண்டுகளுக்குப் பின் பீட்டர் ஒலிப்பதிவுக் கருவியில் க்வென்னோடு பேசுகிறான். 42, 121, 122 படிக்காதவர்களுக்கு அது வெறும் காதல் கதை.

பீட்டரை விட்டு வெளியே வர விரும்பினால், 2011இல் தொடங்கிய 'அல்டிமேட் காமிக்ஸ்: ஸ்பைடர்மேன்' தொடருக்குப் போங்கள். பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத, சாரா பிக்கெல்லி வரைந்த மைல்ஸ் மொராலஸின் கதை. அந்த மாற்று உலகத்தில் பீட்டர் பள்ளி வயதிலேயே இறந்துவிட்டான். சக்தி கிடைத்தும் அதைப் பயன்படுத்தாமல் ஒதுங்கியிருந்த 13 வயது மைல்ஸ், முன்பே வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பானோ என்று தவிக்கிறான். பீட்டருக்குப் பென் எப்படியோ, மைல்ஸுக்குப் பீட்டர் அப்படி. இந்தத் தொடரின் 12ஆம் இதழில் சித்தப்பா ஏரனை இழக்கிறான், 22இல் அம்மா ரியோவை. அவள் கடைசியாக மகனைப் பற்றிப் பெருமைப்படுவதாகச் சொல்கிறாள், அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொல்கிறாள்.

22ஐ முடித்ததும் உடனே 23ஐ எடுக்காதீர்கள். கதை அந்த இடத்தில் ஓராண்டு தாவுகிறது, மைல்ஸ் உடையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஓராண்டைக் கழித்திருக்கிறான். நீங்களும் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டுத் தொடருங்கள். அதற்குள் 50ஆம் இதழின் அந்தக் குப்பைத்தொட்டிப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்து வைத்தால், மைல்ஸ் எடுக்கும் முடிவு பீட்டருடையதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பது 23இன் தொடக்கத்திலேயே பிடிபட்டுவிடும்.